வாசலில் நின்று கூவிய எங்கள் நைனா

இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும், இராயபுரத்து லைன் வீட்டு அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். எங்கள் நைனா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது.

இப்படிப்பட்ட மலர்களில், மறைந்தவரைப் பொறுமையின் சிகரம், கருணைக் கடல் என்றெல்லாம் எழுதுவது வழக்கம். அச்சாபீஸ்காரர் மாதிரிக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். படித்துப் பார்த்தேன். அதில் இருந்தவர் யாரோ ஒருவர். எங்கள் நைனா முன்கோபக்காரர். பீடியை விடச் சொன்னால் வள்ளென்று விழுவார். சோற்றில் ஒரு கல் அகப்பட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். அவரை நேரில் பார்த்துப் பழகியவர்களிடம் வந்து நான் வேறு ஒருவர் கதையைச் சொல்ல முடியாது. அவருடைய இரண்டாவது பிள்ளையாகிய நான், எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடியே எழுதுகிறேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முழுவதையும் வாசித்துக் காட்டினேன். தம்பியைப் பற்றிய பகுதியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

நைனா பிறந்தது எண்ணூர்க் கழிமுகத்துப் பக்கம், உப்பளத்தில் வேலை செய்தவர்களின் குடிசை ஒன்றில். தாய் முகம் அவருக்குத் தெரியாது. தகப்பனாருக்கு உப்பிலேயே நின்று நின்று கால் வெடித்து நடக்க முடியாமல் போனது. அதனால் மீசை அரும்பாத வயதிலேயே நைனா வேலை தேடித் துறைமுகத்துக்கு வந்துவிட்டார். கப்பலில் வரும் நிலக்கரியைக் கூடையில் சுமந்து, சாய்ந்த பலகை மேல் நடந்து கரையில் கொட்டும் வேலை. கடைசிவரை அதுதான் அவருக்கு வேலை. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அவர் கண்ணோரத்தில் மை தீட்டியது போலக் கரி நிற்கும். அம்மாவைக் கைப்பிடித்து இராயபுரத்து லைன் வீட்டில் ஓர் அறைக்குக் குடிவந்தார். வரிசையாகப் பல குடும்பங்கள், எல்லாருக்கும் பொதுவாக ஒரே குழாய். எங்களுக்குச் சமையலும் படுக்கையும் அந்த ஓர் அறைதான். அண்ணனும் நானும் தம்பி ஏழுமலையும் அங்கேதான் பிறந்தோம்.

தம்பியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். துறைமுகத்துச் சங்கு எங்கள் வீடு வரை கேட்கும். அதை அப்படியே ஊதிக் காட்டுவான். வாயருகே இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு "கூ…" என்று அவன் இழுத்தால் பக்கத்து அறைகளில் இருப்பவர்கள் ஷிப்ட் முடிந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பார்கள். அடுத்த அறையில் இருந்த பீவி அக்கா, "இன்னாடா சங்கு, உனுக்குத் தொண்டைல இன்னா மிஷினு கீதா?" என்று அவன் கன்னத்தைக் கிள்ளுவார். நாங்களும் அவனைச் சங்கு என்றே கூப்பிட்டோம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. கப்பல்கள் வந்தபடி இருந்தன. விளக்கை மங்கவைத்துக்கொண்டு இரவெல்லாம் வேலை நடந்தது. நைனாவுக்கு இரவு ஷிப்ட். காலையில் கரிக்கோலமாக வந்து, குளித்து, கஞ்சியைக் குடித்துவிட்டு அதே அறையில் பாயை விரித்துப் படுப்பார். எங்கள் வரிசையிலேயே இருந்த ஒருவர், பகலில் சரியாகத் தூங்காமல் வேலைக்குப் போய், கூடையோடு பலகையிலிருந்து தவறி விழுந்து இறந்துபோனார். அவரைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தியதை அம்மா பார்த்தார். அன்றிலிருந்து நைனாவின் தூக்கம்தான் அம்மாவுக்கு எல்லாம். நைனா கண் அயர்ந்தால் உயிரோடு திரும்பி வருவார், அயராவிட்டால் அவரையும் அப்படித் தூக்கிக்கொண்டு வருவார்கள். அம்மாவின் கணக்கு அவ்வளவுதான். அதில் தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் ஓர் அறையில் மூன்று சிறுபிள்ளைகளை எப்படிச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்வது? அடிக்கவும் முடியாது. அடித்தால் அழுவோம். அதனால் அம்மா விளையாட்டாகவே செய்தார். ஊமை ஆட்டம் என்று பெயர். "தோ பாரு, நைனா தூங்குது. எவன் மொதல்ல வாயத் தொறக்குறானோ அவன் அவுட்டு" என்பார். பழைய புடவையை நான்காக மடித்துப் போட்டு, அதன் மேல் புளியங்கொட்டையை உருட்டச் சொல்வார். துணி மேல் சத்தம் வராது. சுவரில் கை நிழலால் நாயும் கொக்கும் காட்டுவார். பசித்தால் வயிற்றைத் தொட வேண்டும், தாகம் என்றால் கட்டை விரலை வாயில் வைக்க வேண்டும். கடைசிவரை பேசாமல் இருந்தவருக்கு ஒரு பிடி பொட்டுக்கடலையும் வெல்லமும். லைன் வீட்டில் எல்லாரும் அம்மாவை மெச்சினார்கள். "உங்க வூட்ல கொயந்தைங்க கீதான்னே தெர்லயே" என்பார்கள். அம்மாவுக்கு அதில் பெருமைதான்.

அண்ணனும் நானும் சீக்கிரம் பழகிக்கொண்டோம். தம்பிக்குத்தான் முடியவில்லை. கொஞ்ச நேரம் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்காருவான். பிறகு பீறிட்டுக்கொண்டு சங்கு கிளம்பிவிடும். நைனா திடுக்கிட்டு எழுந்து கத்துவார். பொட்டுக்கடலை ஒருநாளும் அவனுக்குக் கிடைத்ததில்லை.

யுத்தம் முடிகிற தறுவாயில் ஒருநாள் தம்பிக்கு லேசாக உடம்பு சுட்டது. சோறு விழுங்கும்போது முகத்தைச் சுளித்தான். அம்மா மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார், கழுத்தில் சூடாக எண்ணெய் தடவினார். எந்த வீட்டிலும் செய்வதுதான். மறுநாள் அண்ணனும் நானும் பள்ளிக்கூடம் போய்விட்டோம். நைனா வந்து படுத்தார். அம்மா வழக்கம்போல் ஊமை ஆட்டம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அன்றைக்குத் தம்பி வாயைத் திறக்கவே இல்லை. வயிற்றைத் தொடவில்லை, கட்டை விரலைக் காட்டவில்லை. புளியங்கொட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு போய் நைனாவின் முதுகை ஒட்டிப் படுத்துக்கொண்டான். அம்மாவுக்கு மனம் குளிர்ந்துபோனது. பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தார். பொட்டுக்கடலையும் வெல்லமும் எடுத்துவந்து அவன் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனார். அவன் மூச்சில் ஏதோ கரகரப்பு கேட்டதாம். நைனாவின் குறட்டையில் அது பெரிதாகத் தெரியவில்லையாம்.

அம்மா தண்ணீரோடு திரும்பி வந்தபோதும் தம்பி அப்படியே படுத்திருந்தான். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலில் கூட்டம். அம்மா சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தார். நைனா பாயிலேயே உட்கார்ந்திருந்தார், இடுப்பில் ஒரு துண்டு மட்டும். மடியில் தம்பி. அவன் மூடிய கையை யாராலும் பிரிக்க முடியவில்லை. பொட்டுக்கடலை உள்ளேயே இருந்தது. அப்படியே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். தொண்டை அடைப்பான் நோய், அது முதலில் குரலைத்தான் பிடிக்கும் என்று பிறகு தெரிந்தவர்கள் சொன்னார்கள். குரல் போன பிள்ளையை, ஆட்டத்தில் ஜெயித்த பிள்ளை என்று நாங்கள் நினைத்துவிட்டோம். எங்களைப் போல் பகலில் ஆளைத் தூங்கவைக்கும் வீட்டில்தான் அப்படி ஒரு தப்பு நடக்கும்.

காரியம் முடிந்து நைனா மறுபடி வேலைக்குப் போனார். முதல் நாள் காலையில் திரும்பியவர் வீட்டுக்குள் வரவில்லை. சந்து முனையில் நின்று, வாயருகே கையைக் குவித்து, "கூ…" என்றார். எல்லா அறைகளிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே நினைத்தோம். "பதில் குடுங்கடா! கோதண்டம், நீ மொதல்ல" என்று கத்தினார். அண்ணன் "கூ" என்றான். பிறகு நான். அதன் பிறகு நைனா உடனே வரவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்பது போல ஒரு மூச்சு விடும் நேரம் நின்றார். அது தம்பியின் முறை. அதற்குப் பிறகுதான் வாசற்படியில் கால் வைத்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டின் தினசரி ஆட்டமாகிவிட்டது. மழையானாலும் சரி, பண்டிகையானாலும் சரி, எங்கள் குரலைக் கேட்காமல் நைனா உள்ளே வந்ததில்லை. யாருடைய குரலாவது கம்மியிருந்தால் விடமாட்டார். வாசலில் வெயில் விழும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், "தொற வாய. தொண்டைல காக்கா குந்திக்கினு கீதா பாப்போம்" என்பார். நாங்கள் "கா கா" என்று வாயை அகலத் திறப்போம். காக்கா இல்லை என்றால் முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவார்.

தூக்கமும் அவருக்குத் தலைகீழாகிவிட்டது. நாங்கள் பேசாமல் இருந்தால் விழித்துக்கொள்வார். "இன்னாடா கம்முனு கீறீங்க? பேஜாரா கீது. சத்தம் போடுங்கடா" என்று அதட்டிவிட்டு மறுபடி படுப்பார். நாங்கள் அறைக்குள்ளேயே குதித்துக் கும்மாளம் போட, அவர் குறட்டை விடுவார். லைன் வீட்டில் எங்களை மெச்சுகிறவர்கள் யாரும் இல்லாமல் போனார்கள்.

குப்பு பிறந்தாள். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து, எமனுக்குப் பிடிக்காத பெயராக வைப்பார்கள் அல்லவா? அப்படித்தான் குப்பம்மாள் என்று வைத்தோம். பெயரோடு விட்டுவிட நைனாவுக்குத் தைரியம் இல்லை. எங்கள் மூவரையும் வைத்து அவர் ஆடாத ஆட்டம் இல்லை. குப்பு சாப்பிட மறுத்தால் கையைத் துறைமுகத்துக் கிரேன் போல மேலே தூக்கி, கரகரவென்று சத்தம் போட்டபடி மெல்ல இறக்கி, "கப்பலு கதவத் தொற, சரக்கு வருது" என்பார். கீரை உருண்டை உள்ளே போய்விடும். பப்பாளித் தண்டை வெட்டிவந்து, குண்டான் தண்ணீரில் யார் அதிகம் குமிழி விடுவது என்று ஊதச் சொல்வார். நெஞ்சு வலுக்குமாம். பூந்திக்கொட்டையை ஊறவைத்து, கையில் நுரை வரும்வரை தேய்த்துக் கழுவினால்தான் அதே தண்டால் நுரை முட்டை ஊத அனுமதி. வேலை இல்லாத நாளில் காசிமேட்டு மணலுக்குக் கூட்டிப்போய் நண்டு போலப் பக்கவாட்டில் ஓடவிடுவார். பீவி அக்காவின் பிள்ளைகளும் எங்களோடு வருவார்கள். அவர் ஒருமுறை நைனாவைக் கேலி செய்தார்: "இன்னா அண்ணாத்தே, கரி ஏத்துற ஆளுன்னு பாத்தா நீ பாலர் பள்ளிக்கூடமே நடத்துற?" நைனா சிரிக்கவில்லை. "கொயந்த வெளையாடுதுன்னா உசுரோட கீதுன்னு அர்த்தம்மா. அது எனுக்குத் தெர்ஞ்சிக்கினே இருக்கணும்" என்றார். அவர் ஆடிய ஆட்டம் எதிலும் அவருக்குச் சந்தோஷம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. கண் எங்கள் முகத்திலேயே இருக்கும். பயந்து பயந்துதான் எங்களோடு விளையாடினார்.

குப்பு தத்தித் தத்திப் பேசுகிற வயதில் ஒருநாள் காலை, அவள் முறை வந்தபோது குரல் வரவில்லை. "நேத்து பூரா கத்திச்சி, தொண்ட கட்டிக்கிச்சிய்யா. தூங்கட்டும் உடு" என்றார் அம்மா. நைனா குளிக்கவில்லை, கரி அப்பிய கையோடு அவளைத் தூக்கிவந்து வாசலில் நிறுத்தினார். "காக்கா பாப்போமா?" என்றார். அவள் வாயைத் திறந்தாள். உள்ளே சாம்பல் பூத்தாற்போல் ஒரு படலம். நைனா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பின்னால் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் செருப்பைக்கூட மாட்டாமல் பீவி அக்கா. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உடனே ஊசி போட்டார். "நல்ல வேளை, இன்றைக்கே கொண்டுவந்தீர்கள். ஆனாலும் இப்போது எதுவும் சொல்ல முடியாது" என்றார்.

தொற்றுநோய் வார்டு என்பதால் யாரையும் உள்ளே விடவில்லை. மதிற்சுவருக்கு வெளியே, ஜன்னலுக்கு நேராக நைனாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போவேன். நைனா வேலைக்குப் போகவில்லை. காலையில் எழுந்து நின்று ஜன்னலைப் பார்த்து "கூ…" என்பார். பதில் வராது. ஒரு நர்சம்மா வந்து, "இது ஆஸ்பத்திரிப்பா. சத்தம் போடாதே" என்று கண்டித்தார். நைனா கையெடுத்துக் கும்பிட்டார். "கம்முனு இருந்து ஒண்ணப் பறிகுடுத்துட்டேன் தாயி. என்னக் கம்முனு இருக்கச் சொல்லாத" என்றார். அந்த அம்மா உள்ளே போய்விட்டார், அதன் பிறகு தடுக்க வரவில்லை.

அங்கேதான் ஒருநாள் அவர்கள் இருவரும் தம்பியைப் பற்றிப் பேசினதைக் கேட்டேன். நான் அறிந்து அந்த ஒருமுறைதான். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு தபாவாச்சும் என்னத் திட்டிருய்யா. வாயத் தொறக்காதன்னு சொன்னது நானு" என்றார். நைனா பீடியைக் கீழே போட்டார். "யார யாரு திட்றது? பக்கத்துலயே படுத்துக்கினு தூங்குனது நானு" என்றார். இருவரும் அழவில்லை. நான் கஞ்சித் தூக்கை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சில நாட்கள் கழித்து நைனா கூவியபோது ஜன்னலில் அந்த நர்சம்மா தெரிந்தார். இடுப்பில் குப்பு. கம்பிக்கு நடுவே ஒரு சின்னக் கை ஆடியது. அதற்கும் இரண்டொரு நாள் பிறகு, தேய்ந்துபோன குரலில் "கூ" என்று கேட்டது. நைனா மதிற்சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

குப்பு வீட்டுக்கு வந்தாள். ஆட்டம் தொடர்ந்தது. அண்ணன், நான், தம்பிக்காக ஒரு மூச்சு நேரம், பிறகு குப்பு. அம்மா மட்டும் அதில் சேரவே இல்லை. நைனாவின் குரல் சந்தில் கேட்டதும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார். நைனாவும் அவரைக் கூப்பிட்டதில்லை.

எங்களுக்கெல்லாம் நெஞ்சு வலுக்க ஊதக் கற்றுக்கொடுத்தவருக்கு நெஞ்சே போய்விட்டது. இத்தனை வருஷத்துக் கரி உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. வேலையை விட்டார். படுத்தார். குப்பு பப்பாளித் தண்டைக் கொண்டுவந்து, "நைனா, நீயும் ஊது" என்பாள். வாயில் வைப்பார். ஒரு குமிழிகூட வராது. பிறகு குரலும் போய்விட்டது. சந்து முனையில் நின்று கூவியவர் பாயில் கிடந்தபடி கையை உயர்த்துவார். விரல் யார் பக்கம் திரும்புகிறதோ அவர் கூவ வேண்டும். கல்யாணமாகித் திருவொற்றியூரில் இருந்த அண்ணன், குடும்பத்தோடு வந்து எங்களுடனேயே தங்கிவிட்டான்.

கடைசி நாள் காலையும் கை உயர்ந்தது. அண்ணன் கூவினான். நான் கூவினேன். தம்பியின் முறைக்குக் கை அப்படியே நின்றது. அப்போது அடுப்புப் பக்கமிருந்து "கூ…" என்று ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தோம். அம்மா கையில் கரண்டியோடு நைனாவைப் பார்த்தபடி நின்றிருந்தார். நைனா வெகுநேரம் அவரையே பார்த்தார். பிறகு தலையை அசைத்துவிட்டு, விரலைக் குப்புவின் பக்கம் திருப்பினார். அவளும் கூவி முடித்தாள். கை கீழே இறங்கியது.

அன்று நண்பகலில் நைனா போய்விட்டார். வெளியே சந்தில் பிள்ளைகள் கத்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் அவர்களை அதட்ட எழுந்தார். "உடுங்க. கத்தட்டும். அத்த கேட்டுக்கினேதான் போனாரு" என்றார் அம்மா.

நைனாவின் நோயில் எங்களோடு உடனிருந்த பீவி அக்காவுக்கும் அவர் வீட்டாருக்கும், துறைமுகத்திலிருந்து வந்து அவரைத் தோளில் சுமந்த தோழர்களுக்கும், முன்னாளில் குப்புவைப் பிழைக்கவைத்த டாக்டரம்மாவுக்கும், சத்தம் போட விட்ட அந்த நர்சம்மாவுக்கும், நான் இஷ்டத்துக்கு எழுதியதைத் திருத்தாமல் அச்சுக்கோத்துக் கொடுத்த அச்சாபீஸாருக்கும் எங்கள் குடும்பம் பட்டிருக்கும் நன்றிக்கடன் வார்த்தையில் அடங்காது.

வருஷாப்திக்கு வருகிறவர்களிடம் அம்மா ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளச் சொன்னார். எங்கள் நைனாவுக்கு மௌன அஞ்சலி வேண்டாம். உங்கள் பிள்ளைகளைத் தவறாமல் அழைத்து வாருங்கள், வந்த இடத்தில் அவர்களை அதட்டாதீர்கள். படையல் போடுவதற்கு முன் அண்ணன் சந்து முனையில் நின்று நைனாவின் இடத்தில் கூவுவான். உள்ளேயிருந்து நாங்கள் பதில் கொடுப்போம். தம்பியின் முறைக்கு அம்மா இருக்கிறார்.